ஹாஸ்கெல் சார் யாரையும் கூப்பிடமாட்டார்

உலக நாடக வரலாற்றில் நியூயார்க்குக்கு அடுத்த இடம் பெரம்பலூருக்குத்தான். லண்டனெல்லாம் அதற்கப்புறம். இதைப் பூவரசன் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் நின்று அறிவித்தான். அறிவிக்கும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கையிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை மரியாதை நிமித்தம் தட்டில் திரும்ப வைத்துவிட்டுத்தான் அறிவித்தான்.

"எப்பலேருந்துடா?" என்றான் கலைச்செல்வன்.

"வர்ற ஞாயித்துக்கிழமைலேருந்து."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழுவின் நாடகம். குழு என்றால் ஒரே கல்லூரியில் படிக்கும் நான்கு பேர். மூன்றாம் ஆண்டு படிக்கும் மணிமொழி எழுதி இயக்குவாள். கலைச்செல்வனும் வெற்றிச்செல்வியும் நடிப்பார்கள். பூவரசன் தயாரிப்பாளர். அவனுக்கு அந்தப் பதவி கிடைத்த விதம் எளிமையானது. எழுதச் சொன்னார்கள், வரவில்லை. பாடச் சொன்னார்கள், போதும் என்றார்கள். ஒரு நாடகத்தில் பிணமாகப் படுக்கச் சொன்னார்கள், தும்மிவிட்டான். மிச்சமிருந்த வேலை அதுதான்.

ஆனால் பூவரசன் அதை மிச்சம் என்று நினைக்கவில்லை. யூடியூபில் மூன்று மணி நேரப் பேட்டி ஒன்றைக் கண்டுபிடித்தான். மார்வின் ஹாஸ்கெல் என்ற அமெரிக்க நாடகத் தயாரிப்பாளர், தொண்ணூறை நெருங்கும் வயதில், ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் முன்னால் உட்கார்ந்து தன் தொழில் வாழ்க்கையைச் சொல்கிறார். பள்ளிக்கூடம் முடிக்காமல் நியூயார்க்கில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தவர். சொந்தமாகத் தயாரித்த முதல் நாடகம் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டது. பிற்பாடு அவர் போட்ட ஒரு நாடகம் பன்னிரண்டு வருஷம் ஓடி, அதில் குழந்தையாக நடிக்க வந்தவள் கல்யாணமாகிப் போன பிறகும் ஓடியது. பூவரசன் அவரை ஹாஸ்கெல் சார் என்றுதான் குறிப்பிடுவான். கேட்கிறவர்களுக்கு ஏதோ துறையூர் பக்கம் பெண் எடுத்த தூரத்துச் சொந்தம்போல இருக்கும்.

ஹாஸ்கெல் சாரின் தத்துவங்களில் அவனுக்குப் பிடித்தது ஒன்று. 'என் வாழ்நாளில் யாரையும் நான் நாடகத்துக்குக் கூப்பிட்டதே இல்லை. திரையைத் தூக்குவேன். கூட்டம் தானாக வரும்.'

இதைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

நாடகத்தின் பெயர் 'பட்டறைக் காவல்'. சின்ன வெங்காயத்தைக் குவித்து மூடிப் பட்டறை போட்டு வைத்து, விலை ஏறட்டும் என்று காவல் காக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் வெங்காயத்திடம் சொல்கிறார்கள். "இந்த மனுசனுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்று அவள் பட்டறையிடம் சொல்வாள். மணிமொழி எழுதியதில் இதுதான் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும், மணிமொழியைத் தவிர.

அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை வந்திருந்தது. பரீட்சை முடிந்ததும் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "மண்டபம் பாதி நெறஞ்சாலும் போதும், நான் இங்கியே டியூஷன் எடுத்துக்கிட்டு நாடகம் எழுதிக்கிட்டு இருந்துக்கறேன். இல்லன்னா கெளம்பறேன். காலி நாற்காலிக்கு எழுதறதுக்கு எனக்குத் தெம்பு இல்லடா."

அவள் போனால் குழு இல்லை. கலைச்செல்வனும் வெற்றிச்செல்வியும் வேறொருவர் எழுதியதை நடிக்கலாம். தும்முகிற தயாரிப்பாளரை வேறு யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"பாதி என்ன பாதி, நிக்க எடம் இருக்காது பாரு" என்றான் பூவரசன்.

அன்று மாலை வாலிகண்டபுரத்தில் வீட்டுக்குப் போனதும் அவன் அம்மா மலர்கொடி கேட்டாள். அவள் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அப்பா சிங்கப்பூரில்.

"யார் யாரைடா கூப்பிட்டிருக்க?"

"ஸ்டேட்டஸ் வச்சிருக்கேன்மா."

"அது சரி. கூப்பிட்டிருக்கியா?"

"அம்மா, ஹாஸ்கெல் சாரு இத்தனை வருசத்துல ஒருத்தர் வூட்டுக்குப் போயி பாக்கு வச்சுக் கூப்பிட்டதில்ல."

"சொந்தக்காரங்களே கெடையாதா அவருக்கு? பாவம்."

 வாதத்தில் தோற்கும்போதெல்லாம் பூவரசன் நடித்துக் காட்டுவான். சாமி மாடத்துக்குக் கீழே இருந்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டான். வேட்டியைத் தூக்கிப் பிடித்த பெரியவர்போல நடந்து வந்து, நாற்காலியின் நுனியில் பாதி உட்கார்ந்து, இல்லாத தண்ணீரை ஒரு மடக்கு குடித்து, தொண்டையைச் செருமினான். "அப்பறம்... வர்ற ஞாயித்துக்கெழம... நம்ம வூட்டு நாடகம்... சின்னது பெருசு எல்லாரும் மொத நாளே வந்துடணும்... அடுப்பு மூட்டவே கூடாது..."

மலர்கொடி சிரித்துவிட்டாள். மறுநாள் இதையே கல்லூரியில் செய்து காட்டினான். 'பட்டறைக் காவல்' ஒத்திகையில் யாரும் அவ்வளவு சிரித்ததில்லை.

"நாடகத்துக்குத் தாம்பாளம் தூக்குனா அது நாடகம் இல்லடா, காதுகுத்து" என்று முடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. துறையூர் ரோட்டில் ஒரு சிறிய கல்யாண மண்டபம். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, ஹாஸ்கெல் சார் நிற்பதாகச் சொன்ன இடத்தில், அதாவது கடைசி வரிசைக்குப் பின்னால் கைகட்டி, பூவரசன் நின்றான். ஸ்டேட்டஸை ஊரே பார்த்திருந்தது. பெரியப்பா கொளஞ்சி கட்டைவிரல் படம்கூட அனுப்பியிருந்தார்.

முதலில் வந்தது பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஒரு தம்பதி. பூவரசன் ஓடிப்போய் வரவேற்றான். முன்வரிசையில் உட்காரவைத்தான். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாப்ள பொண்ணு இன்னும் வரலீங்களா?" என்றார். அவர்கள் தேடி வந்த ரிசப்ஷன் அடுத்த தெரு மண்டபத்தில். போகும்போது அந்த அம்மாள் அவனைப் பார்த்து, "வருத்தப்படாதீங்க தம்பி, வருவாங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறரைக்கு முன்வரிசை நிறைந்து, இரண்டாவது வரிசையில் ஓரிருவர் இருந்தார்கள். அதற்குப் பின்னால் சிவப்பு நாற்காலிகள் வாசல்வரை அப்படியே கிடந்தன. பூவரசன் வெளியே போய்ப் பெரியப்பாவுக்குப் போன் போட்டான்.

"பெரியப்பா, ஸ்டேட்டஸ் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டா. கலரெல்லாம் நல்லா போட்டிருந்த."

"அப்பறம் ஏன் பெரியப்பா வரல?"

"நீ கூப்பிட்டியா?"

"அனைவரும் வருகன்னு போட்டிருந்தேனே பெரியப்பா."

"அனைவரும்னா யாருடா? நாளைக்குக் கரண்டு இருக்காதுன்னுகூடத்தான் ஸ்டேட்டஸ் வருது. அதுக்காக நான் சட்டையப் போட்டுக்கிட்டு டிரான்ஸ்பார்மருகிட்ட போயி நிக்கணுமா?"

பூவரசன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"வூட்டுக்கும் வூட்டுக்கும் நடுவுல நாலு எட்டு. உங்க பெரியம்மா கேக்கறா, தம்பி கூப்பிடவே இல்லியே, நம்ம மேல ஏதும் வருத்தமான்னு. சரி சரி, நாடகத்த நல்லா பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

உள்ளே நாடகம் தொடங்கியிருந்தது. வந்திருந்தவர்கள் கொஞ்சம்பேர்தான், ஆனால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புருஷன் பட்டறையிடம் மன்னிப்புக் கேட்கும் இடத்தில், "அவ மொகத்தப் பாத்துச் சொல்லுய்யா!" என்று ஒருவர் மேடையைப் பார்த்தே கத்தினார். கலைச்செல்வன் அதைக் கேட்டுத் தடுமாறி, உண்மையாகவே வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

முடிந்ததும் பூவரசன் முன்வரிசைக்குப் போனான். முதல் நாற்காலியில் அவன் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் சுமதி அக்கா.

"ரொம்ப சந்தோசங்க்கா. ஸ்டேட்டஸ் பாத்துட்டு வந்தீங்களா?"

"என்கிட்ட ஏதுப்பா அந்த மாதிரி போனு? உங்கம்மா வந்து பாக்கு வச்சிட்டுப் போச்சு. அப்பறம் வராம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அடுத்தவரைக் கேட்டான். அவருக்கும் அம்மா. அதற்கடுத்தவருக்கும் அம்மா. சத்துணவுக் கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை வாசல் உண்டோ அத்தனை பேரும் அந்த முன்வரிசையில் இருந்தார்கள். ஒரு வாசல் தவறவில்லை. வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியப்பா உட்பட வேறொருவரும் வரவுமில்லை. மலர்கொடி இரண்டாவது வரிசை ஓரத்தில், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாததுபோல் புடவை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலிகளை அடுக்கும்போது மணிமொழி பக்கத்தில் வந்தாள்.

"பாதி இல்ல."

"அரியலூர் இருக்குல்ல?" என்றான். அடுத்த ஞாயிறு அரியலூரில் ஒரு மண்டபத்தில் நாடகம் ஏற்கெனவே பேசிவைத்தது.

"இருக்கு. சொன்ன வார்த்தைக்காகப் போட்டுட்டு நான் கெளம்பறேன்." ஒரு நாற்காலியை இன்னொன்றின் மேல் சொருகினாள். "ஒன்னு கேக்கட்டுமா? உங்க ஹாஸ்கெல் பேட்டிய நீ முழுசா பாத்தியா?"

"முழுசாத்தான். கொஞ்சம் வேகமா ஓட்டி."

"எந்த எடத்துல?"

"நடுவுல. ஏதோ ஆரம்பக் கால கஷ்டம்."

"அதுலதான்டா இருக்கு. மொத நாடகம் ஊத்திக்கிச்சுல்ல, ரெண்டாவதுக்கு அவரு என்ன பண்ணாருன்னு தெரியுமா? தையல் கம்பெனி வாசல், சர்ச் வாசல், முடிவெட்டற கடைன்னு ஒன்னொன்னா ஏறி எறங்கி, பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. மாசக்கணக்குல. செருப்பே தேஞ்சு போச்சாம்."

"யாரையும் கூப்பிட்டதே இல்லன்னு சொன்னாரே?"

"அது ஜோக்குடா. அரங்கமே சிரிக்குது. சிரிப்பு அடங்க ஒரு நிமிசம் ஆவுது. அதப் போயி நீ மட்டும் எழுதி வச்சிருக்க."

பூவரசன் ஒரு நாற்காலியை வெகுநேரம் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வூடு வூடா போனியா?"

"எண்ணெ வாங்கப் போனேன். போற வழியில சொன்னேன்."

"எத்தனை நாளு எண்ணெ வாங்குன?"

"சும்மா வாடா. அந்தப் பொண்ணு நல்லா நடிச்சுது. காப்பி வேணுமான்னு கேளுங்கறா பாரு, அப்படியே நான் உங்கப்பாகிட்ட சண்ட போட்ட மாதிரியே."

அவனுக்கு நன்றி என்று சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த வார்த்தை அவர்கள் ஊரில் பிளக்ஸ் பேனரில் மட்டுமே புழங்குவது. பெற்றவளிடம் எடுத்துச் சொன்னால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் அவள் மடியிலிருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். வாலிகண்டபுரம் வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் "ம்" என்றான். அவன் அவ்வளவு தடவை தொடர்ந்து "ம்" சொன்னது அதுவே முதல்முறை என்பதை மலர்கொடி கவனித்தாள். 

அந்த வாரம் பூவரசன் வகுப்புக்கு வந்தது குறைவு. கேட்டால், "புரொடக்ஷன் வேலை" என்றான். ஒருநாள் செருப்பு அறுந்து, யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வந்தான். அதற்கும் அதே பதில்தான். சாமி மாடத்துக்குக் கீழே தாம்பாளத்தைத் தேடிய மலர்கொடிக்கு அது கிடைக்கவில்லை. அவளும் அதிகம் தேடவில்லை.

அரியலூர் மண்டபத்தில் ஐந்து மணிக்கே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கலைச்செல்வன் திரைக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "டேய், இன்னிக்கும் ரிசப்ஷன்னு நெனச்சு வந்துட்டாங்கடா" என்றான். ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டுப் பின்னால் வருகிறவர்களுக்கு இடம் பிடித்தார்கள். ஆறு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பெரியப்பா கொளஞ்சியும் பெரியம்மா ஆண்டாயியும், அவர்களுக்குப் பின்னால் வாலிகண்டபுரத்தில் பாதித் தெருவும் இறங்கின.

"ஹாஸ்கெல் முறை" என்று பூவரசன் நண்பர்களிடம் சொன்னான். முகத்தில் சிரிப்பே இல்லை. "விளம்பரத்த எந்த நேரத்துல வுடறோம்ங்கறதுதான் விசயம்."

"என்னடா முறை?" என்று கொளஞ்சி உள்ளே வந்துகொண்டே கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேசும் பழக்கம் கிடையாது. "ஒரு வாசல் விடாம ஏறி எறங்கினான்மா இவன். எங்க வூட்டுல நாற்காலியில உக்காந்து ஒரு சொம்புத் தண்ணியக் குடிச்சிட்டு, சின்னது பெருசு எல்லாரும் வந்துடணும் பெரியப்பான்னான்.  கல்யாணத்துக்குக் கூப்பிடறவன்கூட இப்படிக் கூப்பிட மாட்டான்."

வெற்றிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். மணிமொழி சிரிக்கவில்லை. அவள் மூன்றாவது வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுடைய அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பு வெட்டு நடக்கிற சமயம். திருமானூரை விட்டு அவர்கள் அசைகிற நாள் இல்லை அது. ஏதோ காலேஜ் விசேஷம் என்று நினைத்து, அவளுடைய எந்த நாடகத்துக்கும் அதுவரை அவர்கள் வந்ததில்லை. அவளும் கூப்பிட்டதில்லை.

கிட்டே போனாள். "நீ எப்படிப்பா இங்க?"

"அதோ நிக்குதே, அந்தத் தம்பி வூட்டுக்கு வந்து சொல்லுச்சும்மா. உங்க பொண்ணு எழுதுனது, நீங்க பாக்கலன்னா யாரு பாக்கறதுன்னுச்சு." அவர் ஏதோ தப்புச் செய்தவர்போல வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். "வரக் கூடாதாம்மா?"

மணிமொழி சட்டென்று மேடைக்குப் பின்னால் போய்விட்டாள். நாடகம் தொடங்கக் கொஞ்சம் தாமதமானது. மைக் கோளாறு என்று பூவரசன் அறிவித்தான். மைக் நன்றாகத்தான் இருந்தது.

நாடகம் முடிந்து, தயாரிப்பாளரைப் பேசச் சொன்னார்கள். பூவரசன் ஒரு உரை தயாரித்து வைத்திருந்தான். நியூயார்க்கில் தொடங்கி, பெரம்பலூர் வழியாக, அரியலூரில் முடியும் உரை. மைக்கைப் பிடித்ததும் எதிரே தெரிந்தவை எல்லாம் இந்த ஒரு வாரத்தில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்த முகங்கள். மோர் கொடுத்த முகமும் ஒன்று இருந்தது. செருப்பு அறுந்த அன்று தன் மகன் செருப்பைக் கழற்றித் தந்தவர் ஐந்தாவது வரிசையில் இருந்தார். அம்மா எங்கே என்று தேடினான். கடைசியில், நிற்கிறவர்களோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டேன்" என்றான். "வந்துட்டீங்க."

உரைத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கையெடுத்துக் கும்பிட்டான். யாரும் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே, பஸ்ஸுக்கு நிற்கும்போது மணிமொழி சொன்னாள். "கம்பெனிக்கு மெசேஜ் போட்டுட்டேன், வரலன்னு."

"உங்கப்பா என்ன சொன்னாரு?"

"அந்தப் பொம்பள கடைசியில புருசன்கிட்ட பேசறாளா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்கறாரு. அடுத்ததுல பேச வைக்கணுமாம்." கொஞ்சம் தள்ளி நின்று ரோட்டைப் பார்த்தாள். "ஜெயங்கொண்டம் பக்கம் ஒன்னு போடலாமாடா?"

"போடலாம். அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாது. ஆனா ஹாஸ்கெல் சாரு பேருக்கே கூட்டம் வரும்."

"வரும் வரும்" என்றாள் மணிமொழி.

அடுத்த வாரத்தில் ஒரு நாள், வெயில் தாழ்ந்த நேரத்தில், ஜெயங்கொண்டம் தாண்டி வரதராஜன்பேட்டையில் பூவரசன் பஸ்ஸை விட்டு இறங்கினான். யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. கடைவீதியில் வாழைப்பழமும் கற்கண்டும் வாங்கினான். கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஊர் என்று அம்மா சொல்லியிருந்ததால் குங்குமச் சிமிழைப் பையிலேயே விட்டுவிட்டு, வெற்றிலையைத் துடைத்து அடுக்கி, தாம்பாளத் தட்டைச் சரிபார்த்துக்கொண்டான். கோயில் தெருவில் முதல் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாதா படத்துக்கு முன்னால் ஒரு சிறிய நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்று குரல் கொடுத்தான்.

ஒரு பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "யாரு வூட்டுக் கல்யாணம்ப்பா? ஒன்ன யாருன்னு தெரியலியே."

"கல்யாணம் இல்லீங்கம்மா, நாடகம். நான் பெரம்பலூர் பக்கம், வாலிகண்டபுரங்க."

"அவ்வளவு தூரத்துலேருந்தா எங்களக் கூப்பிட வந்த?"

"ஆமாங்கம்மா."

"உள்ள வா. வாசல்லியே நிக்கறியே."

அவன் உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முழுவதையும் குடித்தான். பிறகு எழுந்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டி, அடிக்குரலில், அந்த வீட்டில் யார் யார் என்று பேரோடு கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொருவர் பேரையும் சொல்லிக் கூப்பிட்டான்.